கட்டுத்தறியிலிருந்து பார்த்தால்



வாசலில் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டி, பட்டிப் பொங்கலும் வைத்து முடித்திருப்பீர்கள். உங்கள் பட்டியும் பானையும் பெருகட்டும்.

கொங்கு நாட்டுப் பழைய தோட்டத்து வீடுகளின் படங்களை அனுப்பச் சொல்லி மார்கழி இதழில் கேட்டிருந்தோம். மேசை கொள்ளாத அளவுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தோம். கடைந்த மரத்தூண்கள், தொட்டிக்கட்டின் நடுவே விழுகிற காலை வெயில், ஆசாரத்துச் சுவரில் வரிசையாக மாட்டிய முன்னோர் படங்கள், மூன்று தலைமுறை உட்கார்ந்து வழவழப்பான திண்ணை. எல்லாம் அருமையான படங்கள். ஆனால் மாட்டுக் கொட்டகையைப் படமெடுத்தவர் மிகச் சிலர். பல படங்களில் அது ஓரத்தில் பாதி தெரிகிறது. சிலர் அந்தப் பக்கத்தை வெட்டியே அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால்தான் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை முழுவதுமாகக் கட்டுத்தறிக்கே, அதாவது மாடு கட்டுகிற அந்தக் கொட்டகைக்கே கொடுக்கிறேன். கொங்கில் தோட்டத்து வீட்டின் கதை கட்டுத்தறியிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டை அங்கிருந்து பார்த்தால் எந்தச் சுவர் முந்தியது, எது பிந்தியது, ஏன் அந்தக் கதவு அந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் விளங்க ஆரம்பிக்கும். தலைவாசலிலிருந்து பார்த்தால் அழகு தெரியும், காரணம் தெரியாது.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் உழவர்கள் ஊருக்குள் தெருவில் குடியிருந்து வயலுக்குப் போய்வந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் தானாக வந்து பாயும். கொங்கு மேட்டுநிலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல ஆண்டு. நொய்யல், அமராவதி, பவானிக் கரைகளில் இருந்தவர்களுக்கு ஆற்று வாய்க்கால் இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கிணற்றை நம்பியவர்கள். பாறையை உடைத்து இறங்கி, ஊற்றுக் கண்ட இடத்தில் நின்று, அங்கிருந்து நீரை மேலே கொண்டுவர வேண்டும். அதைச் செய்தவை எருதுகள்.

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800-ல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தச் சீமை வழியாக வந்த பிரான்சிஸ் புக்கானன், இங்குள்ள கிணறுகளையும் கவலை ஏற்றத்தையும் தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்தார். கவலை ஏற்றத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கிணற்று மேட்டில் உருளை. கிணற்றிலிருந்து விலகிப் போகிற ஒரு சரிவு. வடத்தை இழுத்துக்கொண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது பறி என்ற நீர்ச்சால் நிறைய நீர் மேலே ஏறும். பறியின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் இருக்கும். அதை இழுத்துப் பிடிக்கும் தனிக் கயிறு ஒன்று உண்டு. மேலே வந்ததும் வால் விரிந்து நீர் தொட்டியில் கொட்டும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்து தம் எடையையும் கொடுப்பார். பிறகு எருதுகள் பின்னோக்கியே மேடேறி வரும். முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் பழகிய எருது அது. சும்மா வாங்கிக் கட்டிப் பூட்டிவிட முடியாது.

வெயில் ஏறினால் எருது தளர்ந்துவிடும் என்பதால் கோழி கூப்பிடும் நேரத்துக்கே ஏற்றம் பூட்டினார்கள். ஊரிலிருந்து எருதை ஓட்டிக்கொண்டு வந்து அந்த நேரத்தில் பூட்டுவது ஆகிற காரியமில்லை. ஆகவே எருது கிணற்றுக்குப் பக்கத்திலேயே இரவில் கிடந்தது. அதற்கு ஒரு நிழல், ஒரு முளைக்குச்சி, தட்டுப் போட ஓர் இடம். இரவில் எருது கிடந்தால் காவலுக்கு ஆள் கிடக்க வேண்டும். நல்ல எருது அன்று பெரிய சொத்து. களவுக்குப் பயந்தாக வேண்டும். ஆள் கிடந்தால் அடுப்பு வேண்டும். அடுப்பு வந்தால் குடும்பம் வந்துவிடும். எல்லாத் தோட்டத்திலும் இதே வரிசையில் நடந்தது என்று சாதிக்க மாட்டேன். ஊருக்குள் ஒரு வீடும் தோட்டத்தில் ஒரு சாளையும் வைத்து இரண்டிலும் புழங்கிய குடும்பங்கள் நிறைய. ஆனாலும் கொங்கில் வீடுகள் தோட்டத்துக்குத் தோட்டம் சிதறிக் கிடப்பதற்குக் கிணறும் எருதும் முதற்காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி அந்தச் சாளைக்கு வருவோம். மண்ணைக் குழைத்து அடுக்கடுக்காகக் காயவிட்டு எழுப்பிய சுவர். கிணறு வெட்டியபோது வந்த கல் அடித்தளத்துக்குப் போயிருக்கும். வைரம் பாய்ந்த பனையை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி எடுத்த கைகள் (கூரைச் சட்டங்கள்). மேலே பனையோலை. ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர், ஒரு பக்கம் மாடு. நடுவில் ஆளுயரச் சுவர், சில இடங்களில் வெறும் தட்டி. மாடு பெருமூச்சு விடுவது படுக்கையில் கேட்கும். கன்று ஈனும் இரவில் தூங்கிக்கொண்டிருந்தவர் தானே விழித்துக்கொள்வார்.

இந்தச் சாளைதான் பிறகு வளர்ந்தது. ஒரு நல்ல வெள்ளாமைக்குப் பிறகு முன்னால் ஒரு தாவாரம் இறக்கினார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனபோது ஓர் அறை சேர்ந்தது. பருத்தி விலை ஏறிய காலத்தில் தொட்டிக்கட்டு எழுந்தது: நடுவில் திறந்த தொட்டி, நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரியும் கூரை, முன்னால் ஆசாரம். மாடு பழைய பக்கத்திலேயே இருந்தது. மனிதர் மறுபக்கம் நகர்ந்தார்கள். நீங்கள் படத்தில் எடுத்து அனுப்பியிருக்கும் தொட்டிக்கட்டுகள் பலவும் இப்படிப் பின்னால் வந்து சேர்ந்தவையாகவே இருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரும் சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள். ஒரே காலத்தில் கட்டியிருந்தால் கல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகும். பின்னால் ஒட்டியிருந்தால் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு வெடிப்பு ஓடும். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோடு மறுபடி எழுந்து வரும். தரை மட்டத்தையும் பாருங்கள். பிந்திய பகுதி பெரும்பாலும் முந்தியதைவிட உயரமாக இருக்கும். சுவரின் உச்சியில் காரணமில்லாமல் அடைத்த சதுரக் குழிகள் தெரிந்தால், அங்கே முன்பு வேறு உத்தரம் இருந்தது என்று பொருள். கூரைக்குள் ஏறிப் பார்க்க முடிந்தால் கரி பிடித்த கைகளைத் தேடுங்கள். புகை படிந்த மரம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது. இன்று அந்த இடம் தவிட்டு மூட்டை அடுக்கும் அறையாக இருக்கலாம்.

ஓட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு வந்த கடிதங்களில் "எங்கள் வீட்டு ஓட்டில் 1865 என்று போட்டிருக்கிறது, ஆகவே வீடு 1865-ல் கட்டியது" என்று சிலர் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மானியரான ஜார்ஜ் பிளெப்ஸ்ட் பாசல் மிஷனுக்காக மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அந்த ஆண்டையே நிறுவனத்தின் அடையாளமாக ஓட்டில் பதித்துக்கொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் செய்த ஓட்டிலும் அதே எண்தான் இருக்கும். ஆகவே அந்த எண் உங்கள் வீட்டின் பிறந்த நாளைச் சொல்லாது. ஆனால் வேறு ஒன்றைச் சொல்கிறது. 1862-ல் சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்திருந்தது. கரையோரத்துத் தொழிற்சாலை ஓடு கணவாய் வழியாக இங்கே வந்து சேர வழி பிறந்தது. அப்படி வந்த ஓட்டைத்தான் நம் பெரியவர்கள் சீமை ஓடு என்றார்கள்.

சீமை ஓடு வந்தபோது நாட்டு ஓடு என்ன ஆனது? தூக்கி எறிகிற பழக்கம் பண்ணையத்துக்காரருக்குக் கிடையாது. வீட்டிலிருந்து இறக்கிய நாட்டு ஓட்டைக் கட்டுத்தறிக்கு ஏற்றினார்கள். வீட்டில் உத்தரம் மாற்றினால் பழைய உத்தரம் கொட்டகைக்குப் போகும். கதவு மாற்றினால் பழைய கதவு தவிட்டு அறைக்குப் போகும். பல தோட்டங்களில் கொட்டகையின் விட்டத்தில் எதற்கும் பயன்படாத துளைகளும் வெட்டுகளும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவை வேறொரு கட்டடத்தில் வேறொரு வேலை செய்த காலத்தின் தடங்கள். வீட்டில் அழிந்துபோன முந்தைய வீடு கொட்டகையின் தலைமேல் இன்னும் இருக்கிறது. கட்டுத்தறியை இடித்தால் தாத்தா காலத்து வீட்டையும் சேர்த்தே இடிக்கிறோம்.

கொட்டகைக்குள் கொஞ்சம் நிற்போம். காலுக்குக் கால் கல்லுக்கால் நட்டிருப்பார்கள், இல்லையென்றால் பனந்தூண். எருது உரசி உரசி, தோள் உயரத்தில் கல் கண்ணாடி போல் மின்னும். அந்த மினுமினுப்பு எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் முடிகிறது என்று பார்த்தால், அங்கே கட்டிய மாட்டின் உயரமே தெரிந்துவிடும். காங்கேயம் எருதுக்கும் பிற்காலத்துக் கலப்பினப் பசுவுக்கும் தடம் வேறு. தரையில் கற்பலகை பாவியிருந்தால் அது மெல்லச் சரிந்து ஒரு வாய்க்காலில் முடியும். கோமியம் அதன் வழியே குப்பைக்குழிக்குப் போகும். அந்தச் சரிவு மிக நுட்பமானது. அதிகம் சரிந்தால் மாட்டின் கால் மூட்டு வலிக்கும். சரியாமல் விட்டால் குளம்பு அழுகும். அளவுகோல் இல்லாமல், தண்ணீரை ஊற்றி ஓட்டம் பார்த்து, கல்லை ஏற்றி இறக்கி அமைத்தவர்களின் கைத்திறன் அது.

தீனி போடும் காடி சுவரோரம் இருக்கும். அதற்கு மேல் சுவரில் மாடக்குழி, விளக்கு வைக்க. எண்ணெய்க் கரி இன்னும் போகாமல் இருக்கும். பக்கத்திலேயே பருத்திக்கொட்டை ஆட்டுகிற ஆட்டாங்கல். ஒரு கல் தொட்டியில் கழனித் தண்ணீர். அதற்கு நேர் எதிரே, வீட்டுச் சமையலறையின் பின்கதவு. இந்த நேர்கோட்டைக் கவனியுங்கள். அரிசி களைந்த நீரும் கஞ்சியும் ஒரே நடையில் மாட்டுக்குப் போகிற வழி அது; பால் செம்பு திரும்பி வருகிற வழியும் அதுவே. ஒரு நாளில் எத்தனை முறை அந்த வீட்டுப் பெண்கள் இந்த வழியில் நடந்திருப்பார்கள் என்பதை நிலைப்படியின் தேய்மானம் சொல்லும். தலைவாசல் நிலைப்படியைவிடப் பின்கதவின் படி அதிகம் தேய்ந்த வீடுகள் உண்டு. சாணி வழித்து, தட்டு வெட்டிப் போட்டு, பால் பீய்ச்சி, தயிர் கடைந்து, மோர் ஊற்றிய கைகளின் கதை வீட்டு ஆவணங்களில் இராது. அந்தப் படியில் இருக்கிறது.

வீட்டுச் சுவரிலிருந்து கட்டுத்தறிப் பக்கம் பார்க்கும்படி ஒரு சிறு திறப்பு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கை நுழையும் அளவுதான் இருக்கும். உள்ளே படுத்திருந்தவர் எழாமலே மாட்டைப் பார்க்க வைத்த வழி அது. இன்று அதில் பழைய சீப்போ மருந்துப் புட்டியோ இருக்கும்.

தட்டுப்போரை எங்கே போட்டார்கள் என்பதும் கட்டட வரலாற்றில் சேர்ந்ததுதான். ஆடியில் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வேகமாக வரும். ஒரு பொறி பறந்தால் சோளத்தட்டும் ஓலைக்கூரையும் நொடியில் போய்விடும். அடுப்பு, போர், கொட்டகை ஆகிய மூன்றுக்கும் இடையே விட்ட தூரத்தில் அந்த அச்சம் தெரியும்.

எழுதாமல் கடக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இந்த வீடுகளின் அழகைப் பேசும்போது நாம் எளிதில் விட்டுவிடுவதும் அதைத்தான். கட்டுத்தறியில் உழைத்தவர் எல்லாரும் அந்த வீட்டுக்குள் நுழைய முடிந்தவர்கள் அல்லர். ஏற்றத்தின் பறியையும் வாலையும் தோலில் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். ஏற்றம் ஓட்டியவர்களிலும், சாணி அள்ளியவர்களிலும், ஆடு மாடு மேய்த்த பிள்ளைகளிலும் பலர் அவர்களே. ஆண்டுக் கூலிக்கு ஒப்புக்கொண்டு பண்ணையத்தில் இருந்த சிறுவன் கொட்டகையிலோ பட்டியிலோ படுத்தான். வாசலுக்கு இந்தப் பக்கம் அவன் உலகம். அந்தப் பக்கம் போகக் கூடாது. அவனுக்குச் சோறு ஊற்றிய இடம் எது, குடிக்கத் தண்ணீர் வைத்த சட்டி எங்கே இருந்தது என்பதற்கெல்லாம் இந்தக் கட்டடத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் அப்படிப்பட்ட சிறுவர்களின் வாழ்வைத்தான் சொல்கிறது. 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கம் வந்து தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1972-ல் வெளிவந்த தம் நூலில் கொங்கின் சாதி அமைப்பையும் இட அமைப்பையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்தே எழுதினார்.

ஆகவே நீங்கள் உங்கள் வீட்டின் வரைபடத்தைப் போடும்போது, யார் எதுவரை வரலாம் என்று இருந்ததோ அதையும் குறியுங்கள். வெட்கமாக இருக்கலாம், வலிக்கலாம். அந்தக் கோட்டை விட்டுவிட்டு வரைந்தால் அது அந்த வீட்டின் படமே ஆகாது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடமும் போய்க் கேளுங்கள். கொட்டகையைப் பற்றி வீட்டுக்காரர்களைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும். இப்போது அவர்கள் சொல்வதைக் கேட்க நாம் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

கட்டுத்தறியின் நடு நாயகமாக இருந்த எருது எப்போது வெளியேறியது? 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகளைப் பற்றிப் பேசும்போது இதை எல்லாரும் சொல்கிறார்கள். தோட்டத்துக் கிணறுகளுக்கும் அதே மின்சாரம் வந்தது. மோட்டார் வந்த கிணற்றில் ஏற்றம் நின்றது. எல்லா இடத்திலும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பல தோட்டங்களில் அறுபதுகள், எழுபதுகள் வரை ஏற்றம் ஓடியதைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் பாய்ந்த பகுதிகளில் கிணற்றையே நம்பியிருந்த நிலை மாறியது. பிறகு டிராக்டர் வந்தது. உழவுக்கும் எருது வேண்டாம் என்றானது.

அதற்குப் பிறகு கட்டுத்தறிக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தைத் தொடர்ந்து பால் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஊர் வலுப்பட்டன. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்கள் வந்தன. கற்பலகையைப் பெயர்த்துச் சிமெண்டுத் தரை போட்டார்கள்; நாட்டு ஓட்டை இறக்கி ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏற்றினார்கள். கழுவ எளிது, செலவும் குறைவு. ஆனால் சிமெண்டில் குளம்பு வழுக்கும் என்று உடனே தெரிந்து, ஈரம் காயுமுன் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிவிட்டார்கள். தகட்டுக்கு அடியில் சித்திரை வெயில் தாங்காமல் மேலே தென்னங்கீற்றைப் பரப்பினார்கள். இந்தக் கீறலும் கீற்றும்கூட வரலாறுதான். பழையதை மட்டும் பாதுகாக்க வேண்டும், நேற்று வந்ததைப் பெயர்த்து எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாலை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களின் காலம் அந்தச் சிமெண்டுத் தரையில் இருக்கிறது.

கொறங்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற அந்த மேய்ச்சல் நிலமும் கட்டுத்தறியும் சேர்ந்ததுதான் பழைய மாட்டுப் பண்ணையம். 1887-ல் வெளிவந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டின் காலத்தில் இந்த மண்ணின் மாடுகள் மாவட்டம் தாண்டிப் பெயர் பெற்றிருந்தன. அது தனி இதழுக்கான பொருள், பின்னர் எழுதுவோம்.

வெளிநாடுகளில் இத்தகைய வீடுகளை எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தின் டார்ட்மூர் மலைப்பகுதியில், ஒரே நீளக் கூரையின் கீழ் மேட்டுப் பக்கம் மனிதரும் பள்ளப் பக்கம் மாடும் வாழ்ந்த பழைய கல் வீடுகள் இருக்கின்றன. ஹையர் அப்பகாட் என்பது அவற்றில் ஒன்று, இடைக்காலத்தில் கட்டியது. அதை அந்தப் பகுதியின் தேசியப் பூங்கா நிர்வாகமே வாங்கிப் பாதுகாத்தது. பெரும்பாலான வீடுகளில் மாட்டுப் பகுதி படுக்கையறையாகவும் கூடமாகவும் மாறிவிட, இதில் அந்தப் பகுதி மாற்றப்படாமல், சாணி வாய்க்காலோடு தப்பியிருப்பதே அதன் பெருமை. ஜெர்மனியின் கருங்காட்டில் 1612-ல் கட்டிய ஃபோக்ட்ஸ்பவர்ன்ஹோஃப் என்ற பண்ணைவீட்டை, நின்ற இடத்திலேயே வைத்து, சுற்றிலும் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தை 1960-களில் உருவாக்கினார்கள். அங்கும் பெரும் கூரைக்கடியில் மாட்டுத்தொழுவம் வீட்டோடு ஒட்டியே இருக்கிறது. போய்ப் பார்க்கிறவர்கள் அந்தப் பகுதியையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

நம்மிடமும் நல்ல முயற்சி இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் உழவர் வீடும் நெசவாளர் வீடும் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் கொங்கு நாட்டுத் தோட்டத்து வீட்டை அது நின்ற மண்ணிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் பாதிதான் மிஞ்சும். கிணறு, ஏற்றச் சரிவு, கொட்டகை, களம், கொறங்காடு எல்லாம் சேர்ந்து இருக்கும்போதுதான் அது முழு வீடு.

இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற ஆர்வம் பெருகியிருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பணம் அனுப்பித் தாத்தா வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். மனம் நிறைகிறது. தூணை மெருகேற்றி, தொட்டிக்கட்டைச் சுத்தம் செய்து, தரைக்குச் சிவப்புப் பால் பூச்சு போட்டு, விருந்தினருக்கு அறை அமைக்கிறார்கள். இந்த வேலையில் முதலில் இடிபடுவது எப்போதும் கட்டுத்தறிதான். கார் நிறுத்த இடம் வேண்டும், மாடும் இல்லை, நாற்றமும் வேண்டாம் என்று ஒரே நாளில் பொக்லைன் வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு தோட்டத்தில் அப்படித் தள்ளிய மறுநாள் நான் போய் நின்றேன். உடைந்து கிடந்த நாட்டு ஓடுகளுக்கிடையே ஒரு கல்லுக்கால் மட்டும் நின்றது. அந்த வீட்டு ஆத்தா என்னிடம், "மாடு போனப்பவே போயிருச்சு சாமி, இது நேத்துத்தேன் விழுந்திருக்குது" என்றார். அவரிடம் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. ஆனால் புதுப்பிக்கிற இளைஞர்களிடம் சொல்ல இருக்கிறது: இடித்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் ஒரு வாரம் பொறுங்கள். அளந்து, வரைந்து, படமெடுத்துவிட்டு இடியுங்கள். முடிந்தால் கூரையைச் சீர்செய்து கொட்டகையாகவே விடுங்கள். கார் வேப்பமரத்தடியில் நிற்கட்டும்.

அளப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நாடா, ஒரு நோட்டு, கூடப் பிடிக்க ஓர் ஆள் போதும். கட்டுத்தறியின் நீள அகலம், காலுக்கும் காலுக்கும் இடைவெளி, காடியின் உயரம், தரை எந்தப் பக்கம் சரிகிறது, எத்தனை மாடு கட்டிய இடம், சமையலறைப் பின்கதவிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி ஆகியவற்றைக் குறியுங்கள். ஓட்டைத் திருப்பி அடிப்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். சுவர் கல்லா மண்ணா செங்கல்லா, உத்தரம் பனையா வேம்பா என்று எழுதுங்கள். வடக்கு எது என்று படத்தில் அம்புக்குறி போட மறக்காதீர்கள். மாட்டுப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் கட்டி, கன்றை மிதிக்க விடுகிற இடம் கட்டுத்தறியில் எது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறியுங்கள். பல வீடுகளில் கொட்டகை மாறியிருந்தாலும் அந்த இடம் மாறியிருக்காது. பழைய கட்டுத்தறி எங்கே இருந்தது என்பதற்கு அதுவே துப்பாக இருக்கலாம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இதை விட நல்ல விடுமுறை வேலை எனக்குத் தெரியவில்லை. அளவும் கணக்கும் வரைபடமும் வரலாறும் ஒன்றாக வரும். பாட்டியோடு ஒரு பகல் உட்கார்ந்த பலனும் கிடைக்கும்.

படத்தை வெட்டாமல், ஓரத்தில் தெரிகிற கொட்டகையோடு அனுப்புங்கள். கொட்டகை ஏற்கெனவே போய்விட்டிருந்தால், நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். எந்த எருது எந்தக் காலில் கட்டியிருந்தது, மயிலையா காரியா செவலையா, அதன் பெயர் என்ன என்றும் எழுதுங்கள். மாசி மாதக் கடைசிக்குள் வந்து சேர்கிறவற்றைச் சித்திரை இதழில் தனிப் பகுதியாக அச்சிடுகிறோம். வரைபடம் சரியாக வரவில்லையே என்று தயங்க வேண்டாம். அளவுகள் இருந்தால் நாங்கள் இங்கே ஆள் வைத்து வரைந்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்